பழைய கேசட்டும் பழைய புத்தகமும்: ஐம்பதுக்கு மேல் திரும்பிப் போகும் முறை

இருபது வயதில் தேயத் தேயக் கேட்ட கேசட்டை ஐம்பத்தைந்தில் எடுத்துப் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாட்டு சோம்பலாக ஓடும், வயலின் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பள்ளிக்கூட நாளில் சோற்றை மறந்து படித்த நாவல் நாற்பதாம் பக்கத்தில் கொட்டாவி வரவைக்கும். உடனே “ரசனை செத்துப்போச்சு” என்றோ, “அப்போது விவரம் தெரியாமல் பெரிசாக நினைத்துவிட்டோம்” என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இடையில் மாறியிருக்கக்கூடியவை மூன்று: பொருள், உடம்பு, ஆள். நாடா மெதுவாக ஓடலாம், பதிப்பு வேறாக இருக்கலாம். காதும் கண்ணும் தேய்ந்திருக்கும். இவை இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் மாறியது. சோதிக்க வேண்டியதும் இதே வரிசையில்தான். தலைகீழாகப் போனால் பிளேயரின் ரப்பர் பெல்ட்டின் குற்றம் பாட்டின் தலையில் விழும்.

கேசட்டை ஓடவிடும் முன்

கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். பஞ்சு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சை. அதைப் பிளேயரில் போடவே கூடாது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தொற்றிவிடும். தனியாக உறையில் போட்டு வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுத்து, நாடா வெளியே தெரியும் திறப்பின் நடுவில், செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்ன கம்பளித் துண்டு இருக்கும். முப்பது வருஷத்தில் பசை காய்ந்து அது விழுந்துவிடுவது சகஜம். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டோடு ஒட்டி ஓடாது, ஒலி வந்து வந்து போகும். வேண்டாத வேறொரு கேசட்டிலிருந்து தகட்டோடு கழற்றி மாட்டலாம். ஐந்து திருகு போட்ட கேசட் என்றால் சுலபம். ஒட்டி மூடிய வகையென்றால் ஓட்டின் விளிம்பை உடைத்துத் திறந்து, சுருளை வேறு ஓட்டுக்கு மாற்றத்தான் வேண்டும்.

மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை யாராவது தவறாக ரெக்கார்ட் பட்டனை அமுக்கி மேலே பதிந்துவிட முடியும். அந்த நாளில் காதை உடைத்த கேசட்டிலும் ஓட்டையில் காகிதம் அடைத்துப் பதிவார்கள். அப்படி அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிளேயரில் ஹெட், நாடாவை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டு, அதை அழுத்தும் ரப்பர் உருளை, இந்த மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். உலோகத்துக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சி. ரப்பருக்கு ஆல்கஹால் வேண்டாம், காய்ந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். கை கழுவும் சானிடைசரைப் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அதிலிருக்கும் ஜெல் ஹெட்டில் படலமாகப் படிந்து, இருந்த சத்தத்தையும் கெடுக்கும். சுத்தம் செய்தபின் கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னோட்டி, முழுக்கப் பின்னோட்டுங்கள். வருஷக்கணக்கில் இறுகிப்போன சுற்றுகள் தளரும். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் கேசட்டைத் தட்டையாக உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் பெரும்பாலும் சுருள் சமமாகிவிடும்.

பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். அவை அரக்கு கலந்தவை, கரைந்துவிடும். ஊசியும் வேறு. எல்.பி. தட்டுக்குரிய மெல்லிய ஊசி 78-இன் அகலமான பள்ளத்தில் அடியில் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும்.

சுருதி பிடித்துப் பார்ப்பது

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், சுருதி இறங்கும். வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக்கட்டை மாறிவிடும். காது இதை “தப்பு” என்று சொல்லாது. “என்னவோ ஜீவனில்லை” என்று மட்டும்தான் சொல்லும்.

கச்சேரிக் கேசட்டென்றால் சோதனை எளிது. போனில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்து, தம்புரா தனியாகக் கேட்கும் இடத்தில் பிடியுங்கள். பாடகர் ஒரு கட்டைக்காரர் என்றால் ஸட்ஜம் சி என்று காட்ட வேண்டும். ஒன்றரைக் கட்டைக்கு ஏறி நின்றால் பிளேயர் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ‘சி’ சுரத்துக்குக் கீழே ஊசலாடிக்கொண்டே இருந்தால் பெல்ட் போய்விட்டது. சினிமாப் பாட்டுக்கு நேரத்தை அளக்கலாம். முதல் சரணத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசிச் சரணத்தின் கடைசி எழுத்துவரை கேசட்டில் எத்தனை நொடி, இணையத்தில் அதே பாட்டில் எத்தனை நொடி என்று பாருங்கள். முழுப்பாட்டின் நீளத்தை ஒப்பிடாதீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒவ்வொரு மாதிரி வெட்டியிருப்பார்கள். அங்கே 270 நொடி, இங்கே 286 நொடி என்றால் அதே 6 சதவீதம்தான், இம்முறை மெதுவாக.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய வீட்டு பிளேயரே மெதுவாக ஓடியிருந்தால், உங்கள் மனசில் பதிந்திருப்பது அந்த இறங்கிய சுருதி. இன்று சரியான சுருதியில் கேட்டால் பாடகர் அவசரப்படுவது போலத் தோன்றும். இரண்டு மூன்று முறை கேட்டால் பழகிவிடும்.

ஒலி மங்கலாக, போர்வைக்குள் பாடுவது போல இருந்தால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. ஹெட்டை ஒட்டியிருக்கும் இரண்டு திருகுகளில் ஸ்பிரிங் வைத்தது எதுவோ அதுதான் சாய்வைத் திருத்துவது. பாட்டு ஓடும்போதே, காந்தமில்லாத மெல்லிய திருப்புளியால் துளித்துளியாகத் திருப்புங்கள். இரைச்சலும் ஜாலராவும் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிராது. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகளுக்கு இது கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும், ஏனென்றால் ஒவ்வொரு கடை மெஷினின் சாய்வும் வேறு.

கணினிக்கு மாற்றும்போது லேப்டாப்பின் ஒற்றைத் துளையை நம்பாதீர்கள். அது மைக்குக்கானது, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, சத்தத்தையும் பிளந்துவிடும். லைன்-இன் உள்ள சின்ன யு.எஸ்.பி. ஒலிப்பெட்டி வாங்குங்கள். அளவுமானி அதிகபட்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி., அறுபது நிமிடக் கேசட்டான ஒரு சி-60 முழுவதும் 600 எம்.பி. பதிவதற்கும் வேகத்தைத் திருத்துவதற்கும் இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை மூலக் கோப்பில் தொடவே வேண்டாம். நாடாவின் இரைச்சலும் தம்புராவின் ரீங்காரமும் சலங்கையும் பெரும்பாலும் ஒரே உயர் அலைவரிசையில் குடியிருப்பவை. ஒன்றைத் துரத்தினால் மற்றதும் கிளம்பிவிடும்.

இனி காது

இளங்காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்முனை தேயும். ஐம்பதுகளில் பலருக்கு 12,000 அளவில் நின்றுவிடும். பாட்டின் மெட்டு இதனால் போகாது. போவது அதன் மினுமினுப்பு: ஜாலரா, சலங்கை, பிரஷ் வாசிப்பு, பாடகி மூச்செடுக்கும் சத்தம். அதோடு ச, ஸ, ஃப போன்ற எழுத்துகளின் உரசல். “வார்த்தையே புரியவில்லை, வாத்தியம்தான் கேட்கிறது” என்ற புகாரின் வேர் பல நேரம் இங்கேதான்.

பலரும் செய்யும் தப்பு, ஒலியைக் கூட்டுவது. கூட்டினால் நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளும் கூடி, மிஞ்சியிருப்பதையும் மூடும். அதற்குப் பதில் ஈக்வலைசரில் 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் ஏற்றி, 150-க்குக் கீழே அதே அளவு இறக்குங்கள். ஹெட்போனில் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

ஒரு காது மட்டும் மந்தமானவர்கள் போனின் அணுகல் அமைப்பில் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்தில் வயலின் கூட்டத்தை முழுக்க ஒரு பக்கமும் தாளத்தை மறுபக்கமும் தள்ளிவைத்த பாட்டுகள் நிறைய. அந்தப் பக்கக் காது மந்தமென்றால் இடையிசையில் பாதி காணாமல் போய்விடும். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பட்ஸால் குடைந்தால் அது இன்னும் உள்ளே போகும். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காதொலிக் கருவி அணிபவர்கள், இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கான அமைப்பு, புல்லாங்குழலின் நீண்ட கார்வையைத் தன் சொந்த விசில் சத்தம் என்று நினைத்து வெட்டிப் போடும். சுருதி நடுங்குவது போலவும் கேட்கும். இதைச் சொல்லாமலே விட்டுவிட்டு, கச்சேரிக்குப் போவதையே நிறுத்தியவர்கள் உண்டு.

புத்தகத்துக்கு வருவோம்

முதலில் வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டித் தொடங்கி அறுபது வரை ஏறிக்கொண்டே போகும். ப்ளஸ் 1-இல் ஆரம்பித்த கண்ணாடி ப்ளஸ் 2.5 வரை போவது இயல்பு. ஐந்து வருஷத்துக்கு முந்தைய கண்ணாடியோடு உட்கார்ந்து நாவலைக் குறை சொல்லக்கூடாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையான ப்ரொக்ரெசிவ் கண்ணாடியில் வாசிக்கும் பகுதி அடியில் ஒரு சின்னச் சன்னல்தான். படுத்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் அந்தச் சன்னலுக்குள் பக்கம் வராது, கழுத்து வலிக்கும், பத்து நிமிடத்தில் புத்தகம் மூடும். வாசிப்புக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகும் என்பது ஒரு பொதுக்கணக்கு. பழுத்த தாளும் மங்கிய மையும் சேர்ந்தால் இன்னும் மோசம். கூரை விளக்கு போதாது. தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில், 9 வாட் எல்.இ.டி. ஒன்று வையுங்கள். கனமான புத்தகத்துக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் வியாசபீடத்தை இறக்கித் துடைத்தால் போதும். பாராயணத்துக்காகச் செய்ததுதான், ஆனால் அதைவிட நல்ல வாசிப்புச் சட்டம் கடையில் கிடைப்பதில்லை.

பழைய பிரதியையே படிப்பதா, புதுப் பதிப்பு வாங்குவதா? பக்கத்தின் மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். மடங்கினால் படிக்கலாம். அப்பளம் மாதிரி முறிந்தால் அந்தப் பிரதியை இனிப் படிக்கக்கூடாது. தாளில் இருக்கும் அமிலம் அரித்திருக்கிறது, புரட்டுவதே அதற்குச் சேதம். ஒரே ஒருமுறை பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டு, வேறு பிரதியில் படியுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் டேப் கழன்று விழும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தைக் காற்றில்லாமல் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி, குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் தாளில் இறங்கி, பூச்சி போன இடத்துக்குப் பூஞ்சை வந்து சேரும்.

வாராந்தரித் தொடரைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்பு இருந்தால், தாள் முறியாதவரை அதிலேயே படியுங்கள் என்பது எங்கள் கட்சி. பக்கத்தின் பின்புறத்துத் துணுக்கும் சோப்பு விளம்பரமும் எந்தப் பதிப்பிலும் வராது. இடையில் ஓரிரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும். சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களின் பெரிய சேகரம் உண்டு. இணையத்திலென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ தளம். 1978-க்கு முன் அச்சான பிரதியைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் லை, னை, ணா, றா வரும் இடங்களில் திணறும். அந்த ஆண்டு மாறிய 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை ஒரு தாளில் எழுதி முன்னட்டையில் செருகிவைத்தால் இரண்டு நாளில் பழகிவிடும்.

மறுவாசிப்பு, படிப்படியாக

நம்மில் பலர் திரும்பிப் போகும் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம்: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர், ஐந்து பாகம், 293 அத்தியாயம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பதிப்புகள் ஏராளம், சுருக்கப் பதிப்புகளும் உண்டு. வாங்கும்போது அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். கடைசியில், வாசகர் கேள்விகளுக்குக் கல்கி பதில் சொல்லும் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்தையும் ஒன்றாகக் கட்டிய தலையணைப் பதிப்பு அலமாரிக்கு அழகு, மணிக்கட்டுக்கு ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் முழுப் பாடமும் இலவசமாக இருக்கிறது.

திறப்பதற்கு முன் ஒரு சீட்டில் பத்து வரி எழுதுங்கள். நினைவிலிருக்கும் மூன்று காட்சி, பிடித்த ஆள், பிடிக்காத ஆள், முடிவு என்ன. பார்க்காமல் எழுத வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. படிக்கத் தொடங்கியதும் புதிய நினைவு பழையதின் மேல் ஏறிவிடும், “எனக்கு அப்பவே தெரியும்” என்று மனசு பொய்ச்சாட்சி சொல்லும். 2022, 2023-இல் வந்த படங்களைப் பார்த்தவர்கள் இன்னொன்றும் சேர்த்து எழுதுங்கள்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனசில் வரும் முகம் யாருடையது? நடிகரின் முகமா, கல்கி இதழில் மணியம் வரைந்த முகமா?

வேகம், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம். ஒன்று வீதம் என்றால் சுமார் பத்து மாதம், இரண்டு என்றால் ஐந்து. பதினாறு வயதில் நாலு நாளில் முடித்தோமே என்று அதே வேகத்தில் இறங்குவதுதான் பாதியில் நிற்பதற்கு முதல் காரணம். தொடராக எழுதியது இது. அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தத்தான் அந்த முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறார். ஒரே மூச்சில் படித்தால் பத்தாவது முடிச்சில் தந்திரம் தெரிந்து அலுக்கும்.

அன்று தாவியிருப்பீர்கள் என்று தோன்றும் பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பாசுரங்கள், ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவ வம்பு, ஏரி வர்ணனை, “சரித்திரம் என்ன சொல்கிறதென்றால்” என்று ஆசிரியர் நின்று பேசும் இடங்கள். முதல் பாகம் முடிந்ததும் புள்ளிகளைத் திருப்பிப் பாருங்கள். வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடிய கண், இப்போது கால் செயலிழந்து கட்டிலில் கிடக்கும் சுந்தர சோழரிடமும், தன் மகனுக்கே அரியணை வேண்டாமென்னும் செம்பியன் மாதேவியிடமும் நின்றிருக்கும். அறுபத்துநாலு விழுப்புண் பட்ட பெரிய பழுவேட்டரையர் இளம் மனைவி நந்தினி முன் தடுமாறுவது பதினாறில் சிரிப்பாக இருந்தது. ஐம்பத்தைந்தில் சிரிக்க முடியாது. நந்தினியைத் திட்டிக்கொண்டே படித்தவர்கள் அவள் பக்கத்து நியாயத்தைத் தேடுவதும் நடக்கும். உங்களுக்கு வேறு இடத்தில் நிற்கலாம். நின்ற இடத்தைக் குறியுங்கள்.

எரிச்சலும் வரும். அதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: அன்று கவனிக்காதது, அன்று கவனித்தும் இன்று ஒப்பாதது. பெண்களின் அழகை வர்ணிக்கும் முறை முதல் வகையாக இருக்கும். தற்செயலாகவே எல்லாரும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது. கலந்து எழுதினால் “புத்தகம் பழசாகிவிட்டது” என்ற ஒரே வரியில் முடிந்துவிடும், அதில் யார் மாறினார் என்று தெரியாது.

பாட்டுக்கு ஒரு சோதனை

நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவை குவியலாக வரும் என்பது உளவியலில் பலமுறை கண்டது. ஆகவே அந்த வயதுப் பாட்டு எதைக் கேட்டாலும் நெஞ்சை என்னவோ செய்யும். செய்வது பாட்டா, வயதா? அதே கேசட்டில், அன்று பிடிக்காமல் எப்போதும் வேகமாக ஓட்டிவிட்ட பாட்டு ஒன்று இருக்குமே, அதை முழுக்கக் கேளுங்கள். அதுவும் அதே மாதிரி கரைத்தால் உங்களைக் கரைப்பது காலம். அது சும்மா கிடக்க, பிடித்த பாட்டு மட்டும் எழுந்து நின்றால் அந்த எழுச்சி பாட்டுடையது. மூன்றாவதும் நடக்கும்: ஓட்டிவிட்ட பாட்டுதான் நல்ல பாட்டு என்று தெரிந்து, கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

பிடித்த பாட்டைக் கேட்கும்போது முதல் தடவை கையில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், போனும் வேண்டாம். இரண்டாம் தடவை வரிகளை மட்டும் பின்பற்றுங்கள். வருஷக்கணக்கில் தப்பாகப் பாடிவந்த சொல் ஒன்றாவது அகப்படும். மூன்றாம் தடவை பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரையோ மிருதங்கத்தின் தொப்பியையோ (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) பிடித்துக்கொண்டு போங்கள். தேய்ந்த காதிலும் தாழ்ந்த ஒலி நன்றாகவே கேட்கும். இளவயதில் மெட்டு மறைத்துவைத்திருந்த பகுதியும் அதுதான்.

அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பாட்டை ரிங்டோனாகவோ அலாரமாகவோ வைக்கவே கூடாது. ஒரே மாதத்தில் அது கல்லூரி விடுதியை விட்டுவிட்டு, காஸ் சிலிண்டர்காரரின் அழைப்பை நினைவுபடுத்தத் தொடங்கும். கேட்டு முடித்த கேசட்டைப் பின்னோட்டாமல், ஓடி முடிந்த நிலையிலேயே நிற்கவைத்த வாக்கில் அடுக்குங்கள். வேகமாகச் சுற்றிய சுருள் ஏற்ற இறக்கமாக இருக்கும், விளிம்பு மடியும். சீராக ஓடிய சுருள் அப்படியே கிடக்கும்.

நாவலுக்கு எழுதிய சீட்டைத் தேதி போட்டு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது. அடுத்த முறை நீங்கள் திறக்கும்போது பக்கத்துத் தாளிலும் ஊறியிருக்கும்.